மேற்குக் கம்பத்து விளக்குகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். எனக்கு மட்டும் மாடிப்படி ஏறும்போது வலது முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, ஆனால் முழங்கால் வலி என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். வாரம் தவறாமல் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த மனுஷனுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று முறை வாயெடுத்தேன், மூன்று முறையும் அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கடைசி முறை நீ மாப்பிள்ளையிடம், "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, மழையைத் தவிர வேற பேச்சே இல்ல" என்று சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. சரி, வாயால் வராதது பேனாவாலாவது வரட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பகல் மூன்று மணி ஆகிறது. உன் அம்மா உள்ளறையில் இருக்கிறாள், என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது, அதையும் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பிக்கு ஒருவழியாக வேலை மாற்றல் கிடைத்து, வேறு வீடு பார்த்துக் குடிபோய்விட்டான். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, அலமாரியைத் தூக்கிப் போனவர்கள் இரண்டாவது மாடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள்தான், மறுநாள் காலைதான் வந்தார்களாம். நம் வீட்டுச் சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நானே சரிபண்ணுகிறேன் என்று கழற்றி, சொட்டு சொட்டாக ஒழுகியதை ஓடையாக்கிவிட்டேன். விளக்கு விஷயத்தில் நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். முந்தாநாளுக்கு முந்தின நாள் ஹாலில் யாரும் இல்லை என்று விளக்கை அணைத்தால், உன் அம்மா மூலையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்ன வயதில் நீயும் தம்பியும் குளியலறைக்குள் போகும்போதே, "அப்பா, உள்ள ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கத்திக்கொண்டே போவீர்கள், ஞாபகம் இருக்கிறதா. அதை நினைத்து அப்போதெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

மன்றத்துச் செய்திக்கு வருகிறேன். போன வருஷம் அரசாங்கத்தில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். நம்முடையதைப் போல ஊர்க்காரர்களே கூடி நடத்துகிற சின்ன விளையாட்டு மன்றங்களில் இருக்கும் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, கரண்ட் குறைவாகச் சாப்பிடும் எல்.இ.டி. விளக்குகள் போட்டுக்கொள்ள நிதி கொடுப்பது என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக இந்த மன்றத்துக்கு நான்தான் செயலாளர், இருபது வருஷமாக அந்த நான்கு கம்பத்து மெர்குரி விளக்குகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் பில் வருகிற தேதியில் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும் என்று உன் அம்மா கேலி பண்ணுவாள். பதினான்கு பக்க விண்ணப்பம். இப்போது பெண்களுக்கு ஹாக்கி சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒரு பெண், உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், படபடவென்று பேசுவாள், அவள்தான் அலுவலக அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். எத்தனை கம்பம், எத்தனை விளக்கு, இருட்டிய பிறகு எத்தனை பேர் விளையாடுகிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், எல்லாம் சொன்னேன். ஒன்பதாவது கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது சொன்னால் கோர்வை கெட்டுவிடும், எனக்கும் தைரியம் போய்விடும்.

நிதி வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. நான்கு கம்பத்துக்குக் கேட்டோம், இரண்டு கம்பத்துக்குக் கொடுத்தார்கள். கமிட்டியில் பேசி, நுழைவாசல் பக்கம் இருக்கிற கிழக்குக் கம்பங்கள் இரண்டுக்கும் போடுவது என்று முடிவானது. மேற்குக் கம்பங்கள் பழையபடியே நிற்கின்றன, அதில் ஒன்று மழை வந்தால் எரியாது, வெயில் அடித்தால் யோசிக்கும். போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் திறப்பு விழா மாதிரி ஒன்று வைத்தோம். விளக்கு பொருத்தின எலக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்களே போடுங்க" என்றார். சுவிட்சைப் போட்டேன். போட்ட கணத்தில் மைதானம் பளிச்சென்று ஆகிவிட்டது, மெர்குரி விளக்கு மாதிரி ஊதாவாக முழித்து, பத்து நிமிஷம் சோம்பல் முறித்து, அப்புறம் வெள்ளையாவதெல்லாம் கிடையாது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த எலக்ட்ரீஷியன் என்ன நினைத்தாரோ, "இன்னொரு வேடிக்கை பாருங்க" என்று அணைத்துவிட்டு உடனே போட்டார். உடனே எரிந்தது. மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடியும் எரிந்தது. "பழசு மாதிரி சூடு ஆறுற வரைக்கும் காத்திருக்க வேணாம் சார்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, குலுங்கி அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் பாடுபட்ட மனுஷன், சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் வந்து முதுகைத் தட்டினார்கள், யாரோ போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடியில் 'செயலாளரின் ஆனந்தக் கண்ணீர்' என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போகிறேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற சுண்ணாம்பு உனக்கு ஞாபகம் இருக்கும், கோடு போட்டுப் போட்டு எப்போதும் கை வெள்ளையாக இருக்கும் என்று நீங்கள் பெண் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வைத்த பேர். அவர் மட்டும் முதுகைத் தட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து நின்று, "அன்னைக்கு நீங்க பதறிப் பதறி அழுத்தினீங்க, எரியவே இல்லையே சார்" என்றார். குத்திக்காட்டவில்லை, பாவம் என்கிற குரலில்தான் சொன்னார். பதினெட்டு வருஷமாக அந்த மனுஷர் எதையும் மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் பண்ணினாய். குட்டி இடையில் புகுந்து, பள்ளிக்கூட ஹாக்கி அணிக்குத் தன்னை எடுத்திருப்பதாகவும் சாயங்காலம் பயிற்சி என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள், எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. நீ போனை வாங்கி, "அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன்பா, நம்ம வீட்டு ஆளுங்களுக்குக் கண்ணு முன்னாடி இருக்கிறதே தெரியாது, யானைக்குட்டி சைஸ் ரோலர்ல போய் முட்டினவ பெத்த பொண்ணு, இவ கோல்போஸ்ட்டையே முட்டுவா" என்று சொல்லிச் சிரித்தாய். பின்னால் குட்டி அழுகிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அங்கே மழையா என்று கேட்டேன்.

இனி தள்ளிப்போட வழியில்லை. அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி. உனக்குப் பதினேழு வயது, மாநில அணித் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. உங்களுக்குப் பயிற்சி ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, ஆண்களுக்கு ஏழு மணிக்கு. நடுவில் அந்த அரை மணி நேரம் வீணாக எரிகிறதே என்று, நான் செயலாளரான புதிதில் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஆறரைக்கு விசில் ஊதி மேற்குக் கம்பங்கள் இரண்டையும் அணைத்துவிடுவேன், சூடு ஆறுவதற்கும் மறுபடி ஏறுவதற்கும் நேரம் விட்டுப் போட்டால் ஏழு மணிக்குச் சரியாக இருக்கும். இதனால் பில் குறைந்து, பொதுக்குழுவில் எனக்குப் பெயர் சொல்லிக் கைதட்டல் எல்லாம் கிடைத்தது. அன்றைக்கு ஆறரைக்கு மற்றப் பெண்கள் எல்லாம் கட்டடத்துக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் மேற்கு கோல்போஸ்ட் பக்கம் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து நான் பம்ப் அறையில் சுவிட்சை அணைத்தேன். திடீரென்று இருட்டியதில், உருண்டோடின பந்தின் பின்னால் ஓடிய நீ ஓரமாக நிறுத்தியிருந்த, தரையைச் சமன் பண்ணுகிற ரோலரில் போய் மோதினாய். முழங்கால் போயிற்று, அதன் இரும்புக் கைப்பிடியில் நெற்றி இடித்து மயங்கிப்போனாய்.

மேலே எழுதியதை இப்போது திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு வரி பொய். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன், வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், உண்மையைச் சொல்ல என்றே உட்கார்ந்த நேரத்திலும் உன் அப்பன் புத்தி எப்படி வளைந்து போகிறது என்று நீயே பார். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. நீ அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பம்ப் அறை ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். விசில் ஊதினேன், நீ திரும்பி, இன்னும் ஐந்து பந்து என்பதுபோல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாய். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் அணைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின வாரம் கமிட்டியில் மருந்துக்கடைக்காரர் எல்லோர் முன்னாலும், "செயலாளர் பொண்ணுக்கு மட்டும் தனி வெளிச்சமா" என்று கேட்டுவிட்டார். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மூன்று நாள் உன்னிடம் சொன்னேன், ஆறரைக்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது என்று, மூன்று நாளும் நீ இன்னும் அஞ்சு பந்துப்பா, இன்னும் பத்து பந்துப்பா என்றாய். இவளுக்கு ஒரு நாள் இருட்டிலே நின்றால்தான் புத்தி வரும் என்று வீம்பு எனக்கு. அவ்வளவுதான் காரணம். ஒரு பெரிய காரணம் இருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம், தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அந்த மருந்துக்கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையும் என் வீம்பும் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

நீ கத்தின சத்தம் கேட்டவுடன் சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. அணைத்துப் போட்டேன், எரியவில்லை. சூடு ஆறாமல் அது எரியாது என்று எனக்குத் தெரியும், ஊருக்கெல்லாம் அதை விளக்கிச் சொல்கிறவன் நான்தான், ஆனாலும் பைத்தியக்காரன் மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த அந்த மனுஷர்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உன்னிடம் ஓடினார். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டட வராந்தாவில் கிடத்தினோம். பெண்கள் ஓடிவந்தார்கள், ஏழு மணி ஆட்டத்துக்கு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள், கார் வந்தது. அதற்குள் மேற்குக் கம்பத்து விளக்குகள் மெள்ள மெள்ள ஏறி வெள்ளையாகிவிட்டன, எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது மைதானம் பட்டப்பகல் மாதிரி இருக்கிறது, ஓரத்தில் ரோலர் மலை மாதிரி நிற்கிறது. யாரோ ஒருவர், "இவ்வளவு வெளிச்சத்துல ரோலர் தெரியலையா இந்தப் பொண்ணுக்கு" என்றார். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சுண்ணாம்பு என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

இதுவரை செய்தது எல்லாம் ஒரு பக்கம், ஆஸ்பத்திரியில் செய்தது ஒரு பக்கம். அதுதான் என்னைத் தின்கிறது. மறுநாள் காலையில் நெற்றித் தையலோடு கண் விழித்து நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, எனக்கு திடீர்னு இருட்டா ஆன மாதிரி இருந்துச்சே, லைட் போச்சா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டே, "மயக்கத்துல அப்படித்தான்மா தோணும், லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு" என்றேன். முந்தின மூன்று நாளும் ஆறரைக்கு மேலும் உனக்காக எரியவிட்டவன்தானே நான், நீ உடனே நம்பிவிட்டாய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன் கண்ணையே நீ நம்பாமல் போய்விட்டாய். அதற்குப் பிறகு தேர்வு போயிற்று, ஹாக்கி மட்டையை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாய், முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க சுவரைத் தேடுகிறாய். வீட்டில் பால் பொங்கினாலும் பாத்திரம் விழுந்தாலும் உன் அம்மா, "ரோலர் மகாராணி பார்த்து வாங்க" என்பாள், தம்பி அதையே பாட்டாகப் பாடுவான். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது யார், நான்தான். அவர்கள் எல்லோரும் தெரியாமல் சிரித்தார்கள், நான் தெரிந்து சிரித்தேன். கார் ஓட்டப் பழகமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தது, குட்டியை ஒரு சைக்கிள்கூட ஏறவிடாமல் பொத்திப் பொத்தி வைப்பது, எல்லாவற்றுக்கும் நீ சொல்கிற ஒரே காரணம், எனக்கு கவனம் பத்தாதுப்பா என்பது. அம்மாடி, உனக்குக் கவனம் பத்தாமல் இல்லை. நீ பந்தைப் பார்த்துச் சரியாகத்தான் ஓடினாய். இருட்டியதும் உண்மை, நீ கண்டதும் உண்மை.

இப்போது அந்த ஒன்பதாவது கேள்வி. கடந்த இருபது ஆண்டுகளில் வெளிச்சக் குறைவால் விபத்து ஏதாவது நடந்ததா, நடந்திருந்தால் விவரம் எழுதுக, என்று இருந்தது. பயிற்சியாளர் பெண் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு, "இல்லைன்னு போடும்மா" என்றேன். போட்டுவிட்டாள். பாதி நிதிதான் வந்தது ஏன் என்று விசாரித்தபோது நிதி கொடுக்கிற அலுவலகத்தில் சொன்னார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் உண்டு, விபத்து நடந்த மைதானங்களுக்குத்தான் முதலிடம், உங்களுக்கு ஒன்பதாவது கேள்வியில் எதுவும் இல்லாததால் நீங்கள் பின்னால் போய்விட்டீர்கள் என்று. பயிற்சியாளர் பெண் அலுத்துக்கொண்டாள், "நம்ம மைதானத்துல ஒண்ணும் நடக்காதது நல்லதுதான் சார், ஆனா நிதிக்குத்தான் கெட்டதாப் போச்சு" என்று சிரித்தாள். பெண்களுக்கு இப்போதும் மேற்குப் பாதிதான். புது வெளிச்சம் ஆண்களுக்கு, அரைகுறை மெர்குரி பதினாறு பெண் பிள்ளைகளுக்கு. உன்னிடம் சொன்ன ஒரு பொய் பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் தலையிலும் போய் விழுந்திருக்கிறது. அவர்கள் ஓடுகிறபோதெல்லாம் நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, ரோலரைத் தள்ளு, ரோலரைத் தள்ளு என்று சுண்ணாம்பின் உயிரை வாங்குகிறேன். ரோலர் இப்போது வேலிக்கு வெளியே இருக்கிறது, அப்படியும் சொல்கிறேன்.

முந்தாநாள் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கிறவரை கத்தி நிற்கவே இல்லை, முடிந்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. "நான் அவளை எத்தனை தடவை ரோலர் மகாராணின்னு கூப்பிட்டிருப்பேன், ஒரு தடவையாவது நிறுத்துன்னு சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அவளுக்கு எழுதுங்க, எழுதிட்டு வந்து பேசுங்க" என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து டீ மட்டும் வேளை தவறாமல் வருகிறது, டம்ளரை மேஜையில் வைக்கிற வேகத்தில் பாதி தட்டிலே கொட்டியிருக்கும். நியாயம்தான், குடித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் சுற்று நிதிக்கு அடுத்த மாதக் கடைசி வரை விண்ணப்பம் வாங்குகிறார்கள். முதல் விண்ணப்பத்தில் தவறாகச் சொன்னதைத் திருத்தி எழுதலாம், நடந்ததை எழுதிச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், அடிபட்டவருடைய கையெழுத்தும் இருந்தால் இணைக்கலாம். இங்கேதான் நான் உன்னிடம் தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் கையெழுத்துக்காக எழுதவில்லை. உன் காலை வைத்து ஒரு தடவை மன்றத்துக்குக் கரண்ட் மிச்சம் பிடித்தவன், அதே காலை வைத்து இன்னொரு தடவை விளக்கு வாங்குகிறேன் என்று நீ நினைத்தால் நான் பதில் பேச முடியாது. நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், யார் சுவிட்சை அணைத்தார்கள், யார் பார்த்தார்கள், யார் வாயை மூடிக்கொண்டார்கள் எல்லாம். என் பெயரோடு எழுதிக் கொடுப்பேன், உன் பெயர் வேண்டாம் என்றால் உன் பெயர் வராது. அறிவிப்புப் பலகையில் இருக்கிற அந்தப் போட்டோவையும் நானே பிய்த்து எடுத்துவிடுவேன். செயலாளர் பதவியை விடுகிறேன் என்று சொன்னதற்கு சுண்ணாம்பு, "விட்டுட்டுப் போறது சுலபம் சார், அந்த ரெண்டு கம்பத்துக்கும் லைட் போட்டுட்டுப் போங்க" என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. கமிட்டி போகச் சொன்னால் போகிறேன், இருக்கச் சொன்னால் விளக்கு எரிகிறவரை இருக்கிறேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதலாம், எழுதக் கை வருகிறது, ஆனால் அதைக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சின்னதிலிருந்தே நீ அப்படித்தான், யார் முகம் வாடினாலும் தாங்கமாட்டாய். அதனால் இப்போது கேட்கவில்லை. கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் போன் பண்ணாதே. மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு, நான் சொன்ன கல்யாணக் கதையை அவர் மறந்திருக்கமாட்டார். தம்பிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அம்மா மேல் மட்டும் கோபப்படாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது, நேற்று அலமாரியைக் குடைந்து உன் பழைய அணி போட்டோவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு அந்த ஊரில் நல்ல வைத்தியர் இருந்தால் ஒரு முறை காட்டு, வயது ஏற ஏற வலி கூடும், குளிரில் உறை போட்டுக்கொள்.

குட்டிக்கு என் முத்தம். அவள் நன்றாக ஓட வேண்டும், விழுந்தாலும் எழுந்து ஓட வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், என் ஆசி இன்னும் செல்லும் என்றால் அது உங்கள் மூன்று பேருக்கும் உண்டு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே. அவளை அந்த அணியில் சேர்த்துவிடு. சேர்த்துவிட்டு ஒரு நாள் சாயங்காலம் நீயே அந்த மைதானத்துக்குப் போய் நின்று பார், விளக்கு எத்தனை மணி வரை எரியும், யார் அணைக்கிறார்கள், அணைப்பதற்கு முன்னால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறார்களா என்று கேள். சங்கடப்படாதே, என்னை மாதிரி சாதுவாகத் தெரிகிற ஆளாக இருந்தாலும் கேள். அப்புறம், என்றைக்காவது அவள் ஓடிவந்து அங்கே இருட்டாக இருந்தது என்று சொன்னால், வேறு யார் என்ன சொன்னாலும், அவளை நம்பு.

இப்படிக்கு,
உன் அப்பா